துவாக்குடி மிளகாய் மில்

நேற்று துவாக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஏதோ ஒரு மெஸ்ஸில் மிளகாய் வறுக்கும் நெடி மூக்கில் ஏறியது. எதிரே மாணவர் விடுதி நிற்கும் இடத்தில்தான், நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் மிளகாய்த்தூள் மில் இருந்தது.

பகல் முழுவதும் இயந்திரம் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, சுவரிலும் மின்விசிறியிலும் காலண்டர் சாமியின் முகத்திலும் மெல்லிய சிவப்புத் தூள் படிந்தபடியே இருக்கும். புதிதாக வருகிறவர் வாசலிலேயே தும்ம, உள்ளே வேலை செய்யும் பெண்கள் முகத்துணிக்குள் சிரிப்பார்கள். வியாபாரம் அப்பாவுடையது. வத்தலைச் சோதித்து அரைக்க அனுப்புவது அம்மா.

துபாய்க்குத் தூள் அனுப்ப முதன்முதலாக ஆர்டர் கிடைத்தபோது, வந்து இறங்கிய மூட்டையிலிருந்து ஒரு வத்தலை எடுத்து அம்மா பிளந்து பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அடுத்தடுத்த மூட்டைகளிலும் அப்படியே.

"அரைச்சிட்டா ஒண்ணும் தெரியாது. தேதி தவறினா ஆர்டர் போயிடும்," என்றார் அப்பா.

"அரைச்சாலும் அந்த விஷம் போகாதுங்க. நம்மள நம்பித்தான சாப்பிடறாங்க?" என்றாள் அம்மா.

அப்பா தானும் ஒரு வத்தலைப் பிளந்து பார்த்தார். பிறகு ஆட்களோடு சேர்ந்து மில்லுக்குப் பின்னால் குழி வெட்டி, எல்லாவற்றையும் புதைத்தார். ஆர்டர் போயிற்று. சரக்குக்கு வாங்கிய கடனை அடைக்க, அடுத்த பொங்கலுக்குள் இயந்திரங்களையும் விற்றுவிட்டோம்.

"ஏன் மூடிட்டீங்க?" என்று யார் கேட்டாலும், அம்மா பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்:

"அந்த வருஷம் மழை ஜாஸ்திங்க."