சித்தி பார்த்த மலை

மோதுவது ஒரு நொடி வேலை, மோதிய பிறகு மனிதர்கள் அடிக்கிற கூத்தில்தான் ஃபைல் தடிமனாகிறது என்பாள் என் சித்தி. அம்மாவின் தங்கை. இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து கிளெய்ம்களைப் பார்ப்பது அவள் வேலை. இடித்துவிட்டு ஓடியவர்கள், வண்டியை நகர்த்தி வைத்தவர்கள், ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் என்று ஊர்ப் பொய் முழுவதும் அவள் மேஜைக்கு வந்துதான் தீரும்.

எங்கள் கரமனைத் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண்ணும் அவள்தான். லைசென்ஸுக்காகக் கம்பிகளுக்கு நடுவே 'எச்' எழுத்துப்போல் காரை ஓட்டிக் காட்டும் பரீட்சையில் இரண்டு முறை கம்பியைத் தட்டித் தோற்றாள். மூன்றாவது தோல்விக்குத் தெருவே ஆசையாகக் காத்திருந்தபோது ஜெயித்துவிட்டு வந்தாள். சித்தப்பாவுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் சித்தி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவது அவர் வழக்கம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மா, சித்தி, சித்தப்பா, நான் என நாலு பேரும் பொன்முடி மலைக்குப் போய்விட்டு, கல்லாற்றில் குளித்து, தயிர்சாதம் சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. சித்தப்பா தம் பிரேக்கை மறந்து குறட்டை விட்டார். பின் சீட்டில் அம்மாவும் தூங்கிப்போனாள். நான் மட்டும், கல்லாற்றுக் கடையில் வாங்கிய, மிளகாய் போட்டு உப்புநீரில் ஊறிய நெல்லிக்காயைத் தின்றுகொண்டிருந்தேன். எதையும் தனியாகத் தின்னக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் நான். "சித்தி, ஒண்ணு தின்னு பாரேன்" என்று பின்னாலிருந்து எட்டி அவள் வாயருகே ஒரு காயை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பியது ஒரு கணம்தான். வளைவில் வந்த ஸ்கூட்டரில் கார் இடித்தது.

ரப்பர் ஷீட் கட்டோடு ஸ்கூட்டர்காரர் கீழே கிடந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத விதமாக மடங்கியிருந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரல் சந்து வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

சித்தி எஞ்சினை அணைத்து, நாலு மூலை இண்டிகேட்டரையும் போட்டாள். விழித்த வேகத்தில் சித்தப்பா, "சட்டுனு இந்தப் பக்கம் வா. நான்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கறேன்" என்றார். அன்பில் சொன்னதுதான். லைசென்ஸ் போய்விட்டால் அவளைத் தெரு என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும்.

"தினம் இந்த மாதிரி ஃபைல்தான் பாக்கறேன். நீங்கோ சும்மா இருங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் ஸ்கூட்டர்காரரைத் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். "பொக்கண்டா" என்று, தூக்கவிடாமல் மலையாளத்தில் தடுத்தாள். முதலில் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பிறகு எங்கள் குடையை அவர் காலோடு சேர்த்து வைத்து, குளித்து ஈரமாயிருந்த தோர்த்துத் துண்டால் கட்டினாள். அவர் மனைவியின் நம்பரை அவரிடமே கேட்டு வாங்கி, அந்த அம்மாளுக்குத் தானே விஷயத்தைச் சொன்னாள். அதற்கப்புறம் செல்போனை எடுத்து, கார், ஸ்கூட்டர், ரோட்டில் டயர் தேய்ந்த கோடு எல்லாவற்றையும் படம் பிடித்தாள். கூட்டத்தில் ஒருவருக்குக் கோபம் வந்தது. "ஆளு கெடக்கும்போழா படம்?"

"இயாள்க்கு நஷ்டபரிகாரம் கிட்டண்டே, சேட்டா?" என்று, அவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டாமா என்ற அர்த்தத்தில் கேட்டாள் சித்தி.

அந்தக் கோடு கார் எவ்வளவு வலது பக்கம் போயிருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டியது. "நம்ம மேல நாமளே கேஸ் கட்டறோம்" என்று சித்தப்பா அம்மாவிடம் அழமாட்டாத குறையாகச் சொன்னார். அத்தனை பேர் கத்தும் இடத்தில் ஒருத்தி கத்தாமல் காரியம் பார்க்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். எனக்கு அவள் மேல் பக்தியே வந்துவிட்டது. கூடவே, நெல்லிக்காய் கொடுத்த குற்றத்துக்குப் போலீஸ் என்னைத்தான் கொண்டுபோகும் என்ற பயமும் வந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு போலீஸ்காரர் வந்து, ஓட்டியது யார் என்று விசாரித்தார். "ஆரா ஓடிச்சது?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள், "ஞானா, சாரே" என்று தன்னைக் காட்டிச் சொன்னாள் சித்தி.

எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. அவள் முந்தானையை இழுத்து, "சித்தி, நெல்லிக்கா…" என்றேன்.

"மிண்டாம வாய மூடிண்டு இரு. நம்மாத்துக்குப் போய்த் திங்கலாம்" என்று என்னை அதட்டிவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டியதில் கவனம் தப்பிவிட்டது என்று அவரிடம் சொன்னாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தீனிக்கு அலைகிறேன் என்று நினைத்துவிட்டாளே என எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனால் நிம்மதி ரோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது. என் நெல்லிக்காயை அவள் கவனிக்கவே இல்லை என்று முடிவு கட்டினேன்.

ஸ்கூட்டர்காரர் எழுந்து நடக்க நாலு மாதம் ஆயிற்று. சித்தி ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தெந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதம் சித்தியின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தினமும் அவள் பஸ்ஸுக்கு நடக்கும்போது தெருவில் யாராவது விசாரிப்பார்கள். அவள் வாயைத் திறக்குமுன், "மலையப் பாத்துண்டே இடிச்சுட்டா" என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். அவளும் ஆமாம் என்பாள்.

போன வருஷம் நானே கார் ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். டீக்கடை அங்கேயேதான் இருக்கிறது. அந்த வளைவில் இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பழைய பெருமரங்கள். எந்த மலையும் தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? லைசென்ஸ் திரும்பி வந்த அன்று, "இனிமேலாவது ரோட்டப் பாத்து ஓட்டு, சித்தி" என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

"சரிடி கண்ணா" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.