தலைகீழாகச் சொன்ன ஜெபமாலை

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு அக்டோபர் மாதக் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் இடிக்கும். அவ்வளவு அகலமான சந்து!

ஜெபமாலை மாதமான அக்டோபர் வந்தால் எங்கள் சந்துக்கு மாதா வருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன மாதா சுரூபம் ஒன்றைக் கோயிலிலிருந்து கொடுத்து அனுப்புவார்கள். அது மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும், ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் சந்துக்காரர்கள் எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மறுநாள் பாட்டுப் பாடி, மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மாதா வரப்போகிற வீட்டைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்க்க வருகிற மாதிரி இருக்கும். வருஷம் பூராவும் கட்டில் மேல் கிடக்கிற துணிமூட்டையெல்லாம் அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்பிடி போட்டுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. மாதா எந்த வீட்டுக்கு வந்தாலும் நான் ஆஜர். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஜெபம் முடிந்ததும் ஏதாவது தருவார்கள். யார் வீட்டில் சுண்டல், யார் வீட்டில் கேசரி, யார் வீட்டில் வெறும் பிஸ்கட் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஜெபமாலையில் மணிக்கு ஒரு தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம், அதில் ஒருவர் முன்பாதியைச் சொல்வார். மற்ற எல்லாரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்ல வேண்டும். நான் கதவோரம் சுவரில் சாய்ந்துகொண்டு பின்பாதிக் கூட்டத்தில் கலந்துவிடுவேன். அதில் ஒரு வசதி என்னவென்றால், அரைத்தூக்கத்திலும் சொல்லலாம்.

முன்பாதி சொல்வது பெரும்பாலும் எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை, சந்தில் எல்லாருக்கும் அவர் அத்தை. காசிமேட்டில் மீன் விற்பவர். ஏலக் கூட்டத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ஜெபத்திலும் குறையாது. "அத்தே, கொஞ்சம் மெதுவா சொல்லு. மாதாக்கு காது நல்லாத்தான் கேக்குது" என்று நான் வம்பிழுப்பேன். "உன் வாயில ஐஸ்கட்டிய வெக்க" என்று பதில் வரும். என்னிடம்தான் இந்தப் பேச்சு. அம்மாவிடம் அவருக்குப் பேச்சே கிடையாது. தண்ணீர் லாரி வந்த ஒருநாள் குடத்தோடு குடம் இடித்து, குடம் நசுங்கி, அப்புறம் குடத்தை விட்டுவிட்டு அவரவர் பிறந்த வீட்டையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து ஏழெட்டு மாதமாக அவர் எங்கள் வாசப்படி மிதித்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை வந்தபோது நைனா கடலில் இருந்தார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், விசைப்படகில் டிரைவர். போனால் பத்து நாளாவது ஆகும். ஆனால் அந்தத் தடவை நடுவிலேயே காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவித்து, எல்லாரையும் கரைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். போன போட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நைனாவின் போட்டை மட்டும் காணோம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று எங்களுக்கு அவ்வளவாகப் பயம் இல்லை. நாளைக்கு வந்துவிடுவார் என்று அம்மாவே முன்பாதி சொல்லி ஜெபத்தை முடித்து, சுண்டலும் கொடுத்தார். மறுநாள்தான் எல்லாம் மாறிப்போனது. தேடப் போன கப்பலும் ஒன்றையும் பார்க்கவில்லை என்று போட்டு ஓனரே வந்து சொன்னார். சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மத்தியானத்திலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் சந்து முனையில் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டார். எதற்கு நாற்காலி போடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை எல்லாம் அடுக்கித் திருப்பி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. ஆனால் அது கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்த மாதிரியும், அதைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்த மாதிரியும் இருந்தது. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் மாதாவை அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த முறை எதிர்வீட்டு அத்தையுடையது. அவர் மகளுக்கு அது தலைப்பிரசவம், இன்றோ நாளையோ என்றிருந்தது. அதனால் அந்த வருஷம் மாதாவை அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வெள்ளை அடித்து, சீரியல் லைட் செட் போட்டு, புது மேசைத்துணியெல்லாம் வாங்கி வைத்திருந்தார். முழம் முழமாகப் பூவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நான் போய்ப் பெட்டியைத் தூக்கினேன்.

அத்தை உள்ளே வந்து, "கீழ வை" என்றார். பூவைப் பெட்டிக்குப் போட்டார். போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் சப்பென்று தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"மாதா எங்கியும் போவாது. உன் வூட்டுக்காரு வந்து அவரு கையால தூக்கினு வந்து எங்க வூட்ல வெக்கட்டும்."

அம்மா அவரைப் பார்த்தார். மெதுவாக, "உன் பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இங்கேந்து பாத்தா எதிர்வூடு தெரியாதா இன்னா, மாதாக்கு? நீ ஜெபத்த ஆரம்பி."

மாதா இருக்கிற வீட்டுக்காரர்தான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் வழக்கம். அம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கூடம் முழுக்க ஆள், எல்லாரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை திரும்பி, கதவோரம் இருந்த என்னைப் பார்த்தார்.

"டேய், வூட்டுக்காரன் இப்ப நீதான். வா முன்னாடி."

அம்மாவின் ஜெபமாலையைக் கையில் வாங்கினேன். எத்தனை வருஷமாகக் கேட்கிற ஜெபம்! ஆனால் முன்பாதி ஒரு வார்த்தைகூட வரவில்லை. கூட்டத்தோடு பாடும்போது வாயசைத்தவனை மேடை ஏற்றினால் எப்படியிருக்கும், அப்படி. நாக்கு தனக்குப் பழகிய தடத்திலேயே போய், பின்பாதியைப் பிடித்துக்கொண்டது. புனித மரியே, இறைவனின் தாயே என்று ஆரம்பித்து, பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று முடித்துவிட்டேன்.

முடித்த பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை நான் ஒருவனாக, தனிக் குரலில், சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் கலந்து சொல்லும்போது அது வெறும் சத்தம். தனியாகச் சொன்னபோது ஜில்லென்று இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு, நான் சொல்ல வேண்டிய முன்பாதியைத் தன் ஏலக்குரலில் பதிலாகச் சொல்ல ஆரம்பித்தார், எல்லா நாளும் ஜெபமாலை இப்படித்தான் சொல்வோம் என்கிற மாதிரி. ஒரு நொடி தடுமாறி, மொத்தக் கூட்டமும் அவரோடு சேர்ந்துகொண்டது. திருத்தப் போகிறார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் திருத்தவில்லை. அடுத்த மணியை நகர்த்தினேன். மறுபடியும் பின்பாதி. மறுபடியும் அவர்கள் முன்பாதி.

அப்படியே தலைகீழாகப் போனது. எத்தனையாவது தடவையிலோ தெரியாது, அந்த வார்த்தையின் பல் கொட்டிவிட்டது. மரண நேரம் என்று நான் சொல்லச் சொல்ல, உடனே அந்தப் பக்கமிருந்து 'அருள் நிறைந்த' என்று அத்தனை பெண்களும் வந்து அதை மூடினார்கள். நான் எங்கே கொண்டுபோய் விட்டாலும், அங்கே வந்து நின்று என்னைத் தூக்கிக்கொண்டார்கள். நைனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் குரல்களுக்கு நடுவில்தான் நாங்கள் இருப்போம் என்று தோன்றியது. கடலில் அவர் எங்கே இருந்தாலும் அவரும் தனியாக இல்லை என்று தோன்றியது. எப்படித் தோன்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாய்வதற்குச் சுவரைத் தேடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அது மட்டும் தெரியும்.

ஜெபமாலையில் முதல் பத்து மணிகள் முடிந்தபோது அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தால், சிரிக்கிறார்.

"இத்தினி வருஷமா சுண்டல் துன்னுகினு இவன் கத்துகினது பாதி ஜெபம்தான்" என்றார்.

அத்தை முதலில் அடக்கிப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார், சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். எழவு வீடாக மாறவிருந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு. அடுத்த பத்து மணிகளுக்கு அம்மாவே ஜெபமாலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சத்தம் வந்தது. முடிந்ததும் அத்தை தன் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். அம்மா சாப்பிட்டார், அங்கேயே அத்தையின் மடியில் தலை வைத்துத் தூங்கியும்விட்டார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. கியர் பாக்ஸ் உடைந்து, தண்ணீர் புகுந்து வயர்லெஸ்ஸும் போய், காற்று தள்ளிய பக்கமெல்லாம் போன போட்டை ஆந்திராக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து அவர்கள் ஊர்க் கரையில் சேர்த்திருந்தார்கள். நைனா வந்து சேர இன்னும் ரெண்டு நாள் ஆனது. அதற்குள் அத்தைக்குப் பேத்தி பிறந்துவிட்டாள். அந்த வருஷம் எங்கள் சந்தில் அக்டோபர் மாதம் நவம்பரில்தான் முடிந்தது, முறை தள்ளிப்போனதற்கு ஒரு வீட்டுக்காரரும் முகம் சுளிக்கவில்லை. வந்த சாயங்காலமே நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நாலே எட்டுதான் தூரம். அதற்கு மொத்தச் சந்தும் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் போனோம்.

இப்போது நாங்கள் எம்.கே.பி. நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அத்தை குடும்பம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. இங்கேயும் மாதா படியேறி வருகிறார், லைட்டெல்லாம் இன்னும் நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் அந்தச் சந்தில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சொன்ன மாதிரி இல்லை. போன வருஷம் நைனாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் தனியாக நின்றபோது, அந்தக் குரல்களைத்தான் ரொம்பத் தேடினேன். மெதுவாக வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தேன். இன்றைக்கும் எனக்குப் பின்பாதிதான் முதலில் வருகிறது.

அன்றைக்கு நல்ல செய்தி வந்ததால்தான் எங்களுக்கு நிம்மதி வந்தது என்று இந்தக் கதையைக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். செய்தி மறுநாள் காலையில்தான் வந்தது, நிம்மதி முந்தின நாள் சாயங்காலமே எங்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது என்பது அன்றைக்கு அங்கே இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.