எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை

ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். அதற்கு மூன்று வருடம் ஆயிற்று என்று சொன்னால் நம்புவீர்களா?

சூளகிரி பக்கத்தில் ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுசில் சமையல் வேலை பார்த்தேன். மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியரும் அவர் மனைவியும் ஒரு வருடம் அங்கே தங்கியிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் அந்த அம்மா வயலினை எடுப்பார். இன்ஜினியர் கரண்டில் ஓடும் பியானோவின் முன்னால் உட்காருவார். நான் உள்ளே சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தெரிந்த வயலின், பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் போன வழியிலேயே போகும். இது அப்படி இல்லை. வயலின் ஒன்று சொல்லும், பியானோ அதை மறுக்கும். அப்புறம் பியானோ சொன்னதை வயலின் தன்னுடையது போல எடுத்துச் சொல்லும். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் இடித்துக்கொள்ளாமல் சமைக்கிற மாதிரி. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரிந்தது.

அவர்கள் அடிக்கடி வாசித்த ஒன்றில் நான்கு பாகம் உண்டு. நான்காவதில் ஒரு இடம் வரும்போது இன்ஜினியருக்கு விரல் சிக்கிக்கொள்ளும். "நோ, நோ" என்று சிரித்துக்கொண்டு எழுந்து சாப்பிட வந்துவிடுவார். அந்த வருடம் முழுக்க இதேதான். அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்று கேட்க எனக்குக் கூச்சம். சப்பாத்தியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஊருக்குப் போகிற அன்று அந்த அம்மா என் கையில் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். டிரைவர்தான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"நீங்க கதவோரம் நின்னு கேட்டத அவங்க பாத்திருக்காங்கம்மா. இதுல வேற யாரோ முழுசா வாசிச்சது இருக்குதாம். இத எழுதினவர அவங்க ஊர்லயே மறந்துட்டாங்களாம். அவரு கூட பாட்டு எழுதின நாலு பெரிய ஆளுங்க பேரு நெலச்சிடுச்சு, இவரு ஓரமா போயிட்டாருன்றாங்க."

ஓரமாக நின்றவளுக்கு ஓரமாகப் போனவர் பாட்டு. சரிதான் என்று வாங்கிக்கொண்டேன்.

வேலையை விட்டு ஓசூரில் மகன் வீட்டுக்கு வந்தேன். வரிசையாக ஐந்து குடித்தனம். எங்களுடையது மூன்றாவது கதவு. சினிமா பார்க்க மகன் வாங்கிப் போட்ட ஹோம் தியேட்டர் இருக்கிறது. பென்டிரைவைச் செருகினால் பாடும். ஆனால் யார் விட்டார்கள்? ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கொஞ்சம் சத்தம் இல்லாமல் இருக்கும். உடனே மகன் வந்து அணைப்பான்.

"முடிஞ்சிபோச்சும்மா."

"இல்லடா, இன்னும் இருக்குது."

"சும்மா ஓடினா கரண்டுதான் வேஸ்ட்."

மருமகள் வேறு மாதிரி. "அத்த, யாரோ செத்த வீடு மாதிரி இருக்குது, நிறுத்துங்க" என்பாள். அந்தக் காலத்தில் பெரிய தலைவர்கள் இறந்தால் ரேடியோவில் நாள் முழுக்க வயலின் போடுவார்கள். அதிலிருந்து வயலின் தனியாகக் கேட்டாலே நம் ஜனங்களுக்குச் சாவுதான். சரி, காதில் மாட்டிக் கேட்கலாம் என்று மகனுடைய பழைய இயர்போனை எடுத்தால் அதில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. வயலின் மட்டும் பக்கத்தில் கேட்டது, பியானோ எங்கோ பக்கத்துத் தெருவில். போனில் ஒருத்தர் பேசுவதை மட்டும் கேட்டு என்ன புரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் சாமல்பட்டிக்குப் போயிருந்தாள். அவள் அப்பாவுக்குக் காய்ச்சல். மகன் ஓவர்டைம். இன்றைக்கு விட்டால் கிடையாது என்று காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்துவைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்து உட்கார்ந்தேன்.

முதல் பாகம் அடிக்குரலில் மெதுவாகத் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். நல்ல மனசு, பொறுமைதான் கிடையாது.

"பெரீம்மா, இன்னா ஆச்சு?"

பியானோ பதில் சொல்லப்போகிற இடம் அது. பேசாதே என்று கையை மட்டும் காட்டினேன்.

"அய்யோ தேவுடா" என்று வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது பாகம் ஓடும்போது மூன்று பெண்களோடு திரும்பி வந்தாள். கையில் சாமந்தி மாலை. நால்வரும் சத்தமில்லாமல் என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பேசாமல் இருந்தார்களே, அதுவே போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பைக் சத்தம். தலையில் ஹெல்மெட்டோடு மகன் உள்ளே வந்தான்.

"ம்மா! மாமாவுக்கு இன்னா ஆச்சு? கேட் பாஸ் போட்டு ஓடியாறன், நீ எதுவும் சொல்லாம உக்காந்துகினு இருக்கிற!"

"உங்க மாமனாருதான் போயிட்டாருன்னு நெனச்சு உங்களுக்கு போன் போட்டன். பெரீம்மா வாயே தொறக்கல" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

மகன் சாமல்பட்டிக்கு போன் போட்டான். மருமகள் எடுத்தாள். அப்பா இட்லி சாப்பிடுகிறார், பேசுகிறீர்களா என்றாள்.

அந்த நேரம் மூன்றாவது பாகம் முடிந்தது. மகனுக்கு வந்த கோபத்தில் நேராக ஸ்விட்சுக்குக் கை போனது.

"கை வெக்காத!"

என் குரல்தான் அது. நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. "இன்னும் ஒண்ணு இருக்குது. கேட்டுட்டுப் போங்க எல்லாரும்."

அவன் ஹெல்மெட்டோடேயே உட்கார்ந்துவிட்டான்.

நான்காவது வேகமாக வந்தது. "இது ஆடலாம் போல இருக்குதே" என்றாள் ஒருத்தி. "மாலை எவ்ளோ சொன்னான்?" என்றாள் இன்னொருத்தி. விரல் சிக்கும் இடம் வந்தது. சிக்கவில்லை, தாண்டிப் போனது. அதற்கு அப்புறம் பெரிதாக ஏதாவது இடிக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. முதல் பாகத்தின் தொடக்கமே திரும்பி வந்தது, இந்த முறை பியானோவில். வயலின் அதன் அடியில் மெதுவாகக் கூடவே போனது. இரண்டு தட்டு. முடிந்தது.

"பெரீம்மா, இந்த மாலைய இன்னா பண்றது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், அந்த இரண்டாவது தட்டின் மேலேயே.

சாவுக்கு வாங்கின மாலையைச் சாமிக்குப் போட முடியாது, வீட்டிலும் வைக்க முடியாது. கடைசியில் எதிர்வீட்டு ஆடு தின்றது. மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் பாட்டு வைப்பதற்கு முன் நான்கு கதவையும் தட்டுகிறேன். யார் முகத்தையும் பார்த்துப் பேச வராத நான், ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கிறோம். பாட்டு கேக்கப்போறன், அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். மூன்றாவது கதவில் திரும்ப நுழையும்போது தொண்டை வறண்டுபோகிறது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வைக்கிறேன்.