பின்னால் நின்ற கல்யாணம்

முத்துமீனாவின் கேமராவைப் பார்த்துத் திருப்பரங்குன்றத்துப் போட்டோக்காரர்கள் சிரிக்காத முகூர்த்தம் கிடையாது. தொழில் தெரிந்தவள் ஒரு தடவை அமுக்கி ஒரு படம் எடுப்பாள், இவள் ஒரு அமுக்குக்கு மூன்று எடுக்கிறாளே என்பது அவர்கள் கேலி. கேலி பண்ணியவர்களில் பாதிப் பேர் தொழிலையே விட்டுப் போய்விட்டார்கள். இவள் மட்டும் சன்னதித் தெருவுக்குப் பின்சந்தில் ஒரு ஸ்டுடியோ வைத்து, புருஷன் சிவபாண்டியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்திவிட்டு, முகூர்த்தத்துக்கு நாலு கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறந்தது பேரையூர். மதுரையில் ஒரு கலர் லேபில் எட்டு வருடம், அடுத்தவர் எடுத்த கல்யாணங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். அங்கே அவள் கற்றது ஒரே ஒரு பாடம். ஆல்பத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேடுகிறவர் யாரும் இல்லை, அவரவர் தன்னைத்தான் தேடுகிறார். ஒரு தாய்மாமன் மங்கலாக விழுந்துவிட்டார் என்று மூன்று வருடம் இரண்டு குடும்பம் பேசாமல் இருந்த கதை அவளுக்குத் தெரியும். மங்கலாக எடுத்தவன் நிம்மதியாகத்தான் இருந்தான்.

அதனால்தான் பழைய கேமராவாக இருந்தாலும் இதைத் தேடி வாங்கினாள். இதில் இரண்டு விசேஷம். ஒன்று, ஒரு அமுக்குக்கு லென்ஸின் துளையை மாற்றி மாற்றி மூன்று படம் எடுக்கும். முதல் படத்தில் மணமக்கள் மட்டும் தெளிவாக இருப்பார்கள், பின்னால் எல்லாம் மோராகக் கரைந்திருக்கும். மூன்றாவதில் பெண்ணின் மூக்குத்தியிலிருந்து பின்னாலுள்ள பூக்கடைப் பலகை வரைக்கும் எல்லாமே துலங்கும். இன்னொன்று, வேகத்தை மாற்றி மூன்று எடுப்பது. அதில் கடைசிப் படம் மெதுவாக விழும். அசையாமல் நிற்கிறவர்கள் கல்லாக நிற்க, நடக்கிற கூட்டமெல்லாம் புகையாகிவிடும்.

முகூர்த்தம் முடிந்த கையோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு படம் போயாக வேண்டும். இலையில் சோறு விழுவதற்குள் போகவில்லை என்றால் மரியாதை இல்லை. முத்துமீனா எப்போதும் மூன்றாவது படத்தைத்தான் அனுப்புவாள். எல்லா முகமும் தெரியும், எவரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், வாடிப்பட்டிக் கண்ணுச்சாமியின் மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் அனுப்பினாள். அன்றைக்குக் கோயிலில் முப்பது கல்யாணத்துக்குக் குறையாது. ஒரு கூட்டம் வெளியே வருவதற்குள் அடுத்த மேளம் உள்ளே போகும். வாசலில் நின்று யாரைப் படம் எடுத்தாலும் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வீட்டுக் கல்யாணம் நிற்கும். திருப்பரங்குன்றத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, பேரு கருத்தக்கண்ணன். பேரையூர்ப் பக்கமிருந்து பேசுறேன்."

"நானும் பேரையூர்தாண்ணே. சொல்லுங்க."

"அப்படியா, நம்ம ஊர்ப் புள்ளையா. கண்ணுச்சாமி மாமா குரூப்புல உங்க படம் பாத்தேன். அம்புட்டு தெளிவா எடுத்திருக்கீங்க. அதுல பின்னாடி மஞ்சச் சேலையில ஒரு பொண்ணு நிக்கிது பாருங்க, அது என் தங்கச்சி. பவதாரிணி."

"அவங்களுக்கும் இன்னைக்குத்தான் கல்யாணமாண்ணே?"

"ஆமா போல. எங்களுக்குத்தான் சொல்லல. வாட்ஸ்அப்புல படம் நசுங்கிப் போச்சு, பெருசாக்குனா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ஒரிஜினல் இருக்கும்ல, அத அனுப்பிவிடுங்க. அம்மா பாக்கணும்னு கெடக்கு."

கத்துகிறவனுக்கு முத்துமீனா பயப்படுகிறவள் இல்லை. இவன் கத்தவில்லை. தங்கை ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்டிருக்கிறாள், இவன் ரேஷன் கடையில் விசாரிப்பதுபோல நிதானமாகப் பேசுகிறான். அந்த நிதானம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் படத்தைத் திறந்தாள். கண்ணுச்சாமி மகளின் தோளுக்குப் பின்னால் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. பக்கத்தில் அதே வயதில் ஒரு பையன், மாலையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். சொந்தம் என்று ஒரு ஆள் இல்லை. இருவரும் ஆட்டோவில் ஏறப் போகிறார்கள். ஆட்டோவின் முதுகில் 'சவாரிக்கு' என்று எழுதி, டிரைவரின் செல் நம்பர் பத்து இலக்கமும் பளிச்சென்று இருந்தது.

முத்துமீனா பத்தாவது படித்தபோது அடுத்த தெருவில் ஒரு அக்கா இப்படித்தான் போனாள். சமாதானம் பேசிக் கூட்டிவந்தார்கள். மறுநாள் வயிற்றுவலியில் செத்துப்போனாள் என்றார்கள், உச்சிப்பொழுதுக்குள் எரித்தும் விட்டார்கள். ஊரில் ஒருத்தரும் என்ன வயிற்றுவலி என்று கேட்கவில்லை, முத்துமீனாவின் வீட்டாரும் கேட்கவில்லை.

அடுத்து எடுத்த வரிசையைத் திறந்தாள். வேகம் மாற்றி எடுத்தவை. அதன் கடைசிப் படத்தில் ஆட்டோ கிளம்பியிருந்தது, ஒரு மஞ்சள் இழுப்பாக. நம்பரும் இல்லை, முகமும் இல்லை. அதை அனுப்பினாள். உடனே அழைத்தான்.

"இதுல ஒண்ணுமே தெரியலையே தங்கச்சி."

"இம்புட்டுத்தாண்ணே இருக்கு. கை ஆடிருச்சு. மத்தத அழிச்சிட்டேன்."

கை ஆடிவிட்டது என்று அவள் தன் வாயால் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவன் சரி என்று வைத்துவிட்டான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மறுபடி அழைத்தபோது அவன் குரலுக்குப் பின்னால் காற்றும் வண்டிச் சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, கண்ணுச்சாமி மாமாகிட்ட ஆல்பத்துக்கு லிங்க் குடுத்திருக்கீங்களே. அதுல எல்லாம் நல்லாத்தான இருக்கு. எதுக்கு அழிச்சிட்டேன்னு சொன்னீங்க?"

அதோடு தொடர்பு அறுந்தது. முத்துமீனா சிவபாண்டியைப் பார்த்தாள்.

"லிங்க் எப்பப் போட்டீங்க?"

"எப்பவும் போலத்தான், பத்து மணிக்கு. மூணு மூணையும் ஏத்திவிடு, அவங்களே எடுத்துக்கட்டும்னு நீதான சொல்லியிருக்க."

அவள்தான் சொல்லியிருந்தாள். யாரைத் திட்ட முடியும்? ஆட்டோ முதுகிலிருந்த நம்பரை அடித்தாள். எடுத்தவர் பெயர் விருமாண்டி.

"காலையில மஞ்சச் சேலை கட்டுன பொண்ணு, ஒரு பையன். அவங்கள எங்கண்ணே எறக்கிவிட்டீங்க?"

"என்னம்மா, ஆளாளுக்கு இதையே கேக்குறீங்க. இப்பத்தான் பொண்ணோட அண்ணன்னு ஒருத்தர் கேட்டாரு. சீர் கொண்டு வாராங்களாம்ல. பெருங்குடியில, தண்ணித் தொட்டிக்கு எதுத்த சந்து, பச்சைக் கேட்டு வீடுன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா."

"ஏம்மா, தப்பா?"

அந்த மனுஷன் நல்லவர். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். இவள் அனுப்பிய படமும் அப்படி நல்ல மனதோடு போனதுதான். சிவபாண்டி அதற்குள் போலீஸுக்கு, நூறுக்கு அடித்துக்கொண்டிருந்தான். பேரையூரிலிருந்து பெருங்குடிக்கு ஒரு மணி நேரம். ஆனால் கருத்தக்கண்ணன் எப்போது கிளம்பினான், இப்போது எங்கே வருகிறான், ஒன்றும் தெரியாது. முத்துமீனா ஸ்கூட்டியை எடுத்தாள். வழியெல்லாம் எதிரே வந்த ஒவ்வொரு பைக்கிலும் அவள் ஆள் பார்த்துக்கொண்டே போனாள், பின்கண்ணாடியையும் விடவில்லை.

பச்சைக் கேட்டைத் தட்டியதும் அந்தப் பெண்தான் திறந்தாள். சேலைகூட மாற்றவில்லை. இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, காலையில கோயில் வாசல்ல படம் எடுத்தவங்கதான நீங்க? எங்களையும் ஒண்ணு எடுங்கன்னு கேக்கலாம்னு பாத்தோம். பயமா இருந்துச்சு, வந்துட்டோம். எங்க கல்யாணத்துக்குப் படமே இல்லக்கா."

முத்துமீனாவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை.

"இருக்குத்தா. நல்லா வந்திருக்கு. அது உங்க அண்ணன் கைக்குப் போயிருச்சு, இந்த வீட்டு அடையாளமும் போயிருச்சு. ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க."

பவதாரிணி ஏன், எப்படி என்று கேட்கவில்லை. சிரிப்பு அடங்கிய முகத்தோடு உள்ளே இருந்த பையனிடம் திரும்பி, "வா" என்று மட்டும் சொன்னாள். கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போனவளை முத்துமீனா கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினாள். போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை அந்தப் பெண்ணின் விரல்கள் அவள் தோளில் பதிந்தே இருந்தன.

ரைட்டர் பவதாரிணியின் வயதையும் படிப்பையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். முத்துமீனாவின் செல்லில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அதே நம்பர்.

'தங்கச்சி, வீடு பூட்டியிருக்கு. நீங்க பேரையூர்ல எந்தத் தெரு?'

பேரையூரில் அவள் அம்மா தனியாக இருக்கிறாள். முத்துமீனா அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு செல்லை ரைட்டரின் மேசை மேல் வைத்தாள்.

"சார், இதையும் சேத்து எழுதிக்கங்க."