கண்ணாடி துடைத்த அரை நிமிடம்

இன்று காலை மலைக்கோட்டைக்குக் கீழே, பழைய சாமான் விற்கும் பாய் கடையில், நான் வெகுநாளாகத் தேடிய எல்.பி. இசைத்தட்டு கிடைத்தது. எழுபதுகளின் பிரிட்டிஷ் ஹார்டு ராக். முதல் பக்கத்தில் ஆர்கனும் கிதாரும் ஒன்றையொன்று துரத்துமே, அதேதான்.

இசைத்தட்டை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பது என் வழக்கம். முதல் பக்கம் சுத்தம். மறுபக்கம் பார்க்குமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாமென்று, தட்டை உறையில் போட்டுக் கீழே வைத்தேன்.

மாட்டிக்கொண்டு பார்த்தால், அது வேறொருவர் கையில். முப்பது வயதிருக்கும்.

"துவாக்குடில காபி ஷாப் திறக்கிறேன் பாய். இதுல ஓட்டையைப் பெரிசாக்கி சுவர்க் கடிகாரம் பண்ணப்போறேன்."

"சார் பார்த்துட்டு இருந்தாரே," என்றார் பாய். "வேணுங்களா சார்?"

தட்டில் டிரில் இறங்கும் சத்தம் அப்போதே என் காதில் கேட்டது. பக்கத்து அடுக்கிலிருந்து நடுவில் சிவப்பு லேபிள் ஒட்டிய ஒரு தட்டை உருவி அந்த இளைஞரிடம் நீட்டினேன்.

"தம்பி, சுவத்துல இது எடுப்பா இருக்கும்."

"ஆமா அங்கிள், கலரா இருக்கு," என்று மாற்றிக்கொண்டார்.

இப்போது ஸ்ரீரங்கம் வீட்டில் இரண்டாம் பக்கம் ஓடுகிறது. ஒரு கீறல் இல்லை. நான்தான் நிம்மதியாகக் கேட்கவில்லை. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான், நீட்டிய தட்டு எந்த ஆல்பம் என்று படிக்கவே இல்லை.

துவாக்குடிப் பக்கம் சிவப்பு நடுவோடு ஒரு கடிகாரம் தெரிந்தால், அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். நல்ல ஆல்பமாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டாம்.