டெட்டோல் போட்டுக் கழுவிய போத்தல்

போன வருஷம் கார்த்திகை மழையோடு நானும் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். மூட்டு வீக்கத்துக்கு ஒரு வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வயிற்றோட்டம். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்து போகும், மறுநாள் பார்த்தால் இருக்காது.

செய்வினைதான் என்று முடிவுகட்டினேன். செய்தது பக்கத்துக் காம்பராவில், அடுத்த வீட்டு அறையில், இருக்கும் பார்வதி. பீலிக் குழாயில் தண்ணி பிடிப்பதற்காக என்னோடு மல்லுக்கு நின்றவள், நான் படுத்ததும் கஞ்சி கொண்டுவந்தால் சும்மாவா கொண்டுவருவாள்? அவள் தலை மறைந்ததும் வாசலில் கழிவுத் தண்ணி ஓடும் கானில் ஊற்றிவிடுவேன். "ஆண்டவரே, என் எதிரியைக் காட்டிக்கொடும்" என்று தினமும் அழுதேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா, மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டும், ஆனால் முதலில் வயிற்றில் புழு இல்லையென்று தெரிய வேண்டும் என்றார். மலப் பரிசோதனையில் இரண்டு தரமும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

"அப்ப கூட்டிக் குடுங்கம்மா" என்று கெஞ்சினேன். அவர் என்னைவிடச் சந்தேகக்காரி.

"போத்தலை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"முந்தின நாளே எடுத்து வச்சிருவேங்க. போத்தலை டெட்டோல் போட்டு நல்லா கழுவித்தான் குடுத்தேன்."

தேயிலைத் தோட்டத்து ஆள் என்று யாரும் மூக்கைப் பொத்தக்கூடாதே என்ற மானம் எனக்கு. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டெட்டோல் பட்டா புழு செத்துப்போயிருமே, அப்புறம் எங்க தேடுறது? மூணு நாளைக்கு, காலையில எடுத்ததும் இங்க வரணும்."

எனக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. தெமோதரையிலிருந்து மூன்று நாளும் முதல் பஸ்ஸில், வேலையை விட்டுவிட்டு, அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு போனது பார்வதி. அப்போதும் நம்பினேனா? வழியில் எதையாவது கலந்துவிடுவாளோ என்று பையில் மூன்று முடிச்சுப் போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் புழு அகப்பட்டது. மண்ணில் வெறுங்காலோடு நடக்கையில் தோல் வழியாக ஏறியதாம். இடுப்பில் ஊர்ந்த சிவப்புக் கோடும் அதுதானாம். மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, உள்ளுக்குள்ளேயே பெருகியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டியிருந்தால் உடம்பெல்லாம் பரவி ஆளையே முடித்திருக்கும் என்றார் டாக்டரம்மா. புழு மருந்து குடித்தேன், பிழைத்தேன். ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

இப்போது செருப்பில்லாமல் மலையில் ஏறுவதில்லை. என் சந்தேகப் புத்தி முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஜெபத்தில் யார் பேரையும் குற்றவாளியாகச் சொல்வதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவர் காட்டுவார். நாம் நினைத்து வைத்த முகமாக அது இருக்காது.

இன்றைக்கு இந்தச் சாட்சி சொல்ல வரும்போது பார்வதியையும் கோயிலுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் கூப்பிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

பார்வதி, எனக்கு வினை வச்சது நீதான்னு நான் படுத்திருந்த நாளெல்லாம் நெனச்சிருந்தேன். என்னை மன்னிச்சிரு.