வசவை முதலில் படித்தவள்

மலர்க்கொடி இறந்த செய்தியை முதலில் அழித்தவள் நான்தான்.

எங்கள் 'மதகடி' கைப்பேசிக் குழுவில் அன்று காலை அவள் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு அட்டை வந்து விழுந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, ஓரத்தில் ரோஜாப்பூ. அவள் உயிரோடு இருக்கும்போதே இப்படி அஞ்சலி அட்டை தயாரித்துப் பரப்புவது, அவளைப் பிடிக்காதவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் சிரித்தாள். "போட்டோ நல்லா இருக்குடி, எடுத்து வை, அப்புறம் தேட வேண்டாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, என்றைக்குமே வந்ததில்லை. அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை நீக்கினேன், போட்டவரையும் குழுவிலிருந்து வெளியேற்றினேன். தேர்வறைக்கு நேரமாகிவிட்டது என்று கல்லூரி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் தம்பி செந்தில் அழைத்தான். "அக்கா, அது எங்க சித்தப்பா பையன் போட்டதுக்கா. நெசந்தான். விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி குத்தாலம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மலரை மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேசுகிறவளாகத்தான் அறிவீர்கள். எனக்கு அவளை அதற்கும் முன்பே தெரியும். தஞ்சாவூரில் மேற்படிப்பு படித்தபோது விடுதியில் ஒரே அறை. நான் அதிராம்பட்டினத்துக்காரி, பெயர் கதீஜா. அவள் குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் கீழத்தெரு. அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து அவளைப் படிக்க வைத்தவர்கள். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனாள், தம்பியோடு சேர்ந்து குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடியும் பார்த்தாள். நான் தஞ்சாவூரிலேயே கல்லூரி வேலையில் தங்கிவிட்டேன்.

அவள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்கள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து உலக விவகாரம் முழுவதையும் பேசி முடிப்பார்கள். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. கீழத்தெருக்காரர்கள் அங்கே நிற்பதுகூட இல்லை. ஒரு ஞாயிறு மலர் போய் உட்கார்ந்தாள். கைப்பேசியை எதிரே செங்கல்லில் சாய்த்து வைத்து, சமூக ஊடகத்தில் நேரலையாகப் பேசத் தொடங்கினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். 'மதகடி' பக்கம் அப்படித்தான் பிறந்தது. கடைமடைக்கு வராத தண்ணீர், கொள்முதல் நிலைய வாசலில் நனைந்த நெல், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை என்று அவள் பேசாத விஷயம் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை பார்க்கும் டெல்டாப் பிள்ளைகள். கீழே வரும் கருத்துகளைப் பார்த்து, தேவையற்றதை நீக்குவது தஞ்சாவூரில் இருந்தபடி நான் செய்த வேலை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்காக அவளை நேசித்தவர்களும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். போன வாரத்துக் கருத்துகளில் அவளை மிக மோசமாகத் திட்டியது எதுவோ அதைத்தான் நேரலையில் முதலில் படிப்பாள். ஒரு சொல்லை விழுங்க மாட்டாள். கணக்கு டீச்சர் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நிதானமாகப் படித்துவிட்டு, "இது அவங்க சொல்றது. இப்ப நான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பாள். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். தண்ணீர் குறைந்தால் அவர்கள் பக்கத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஆளைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர் முறை வந்தால் மடையைத் திறந்தாக வேண்டும். அதைத்தான் சொன்னாள். "அவங்க முறைடி அது. தண்ணி கலங்கலா வருதுன்னு மடையை மூட முடியுமா?"

அதிகம் படிக்கப்பட்டவர் கலியமூர்த்தி. வாய்க்கால் கரையை ஒட்டி நிலம் உள்ளவர், சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு திட்டுவார். அந்த ஒரு நேர்மை அவரிடம் இருந்தது. மலரின் அப்பா அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டு வந்தார். மலர், "கலியமூர்த்தி அண்ணே எழுதியிருக்காங்க" என்று ஆரம்பிப்பாள். அவர் கோபத்தில் பாதி அந்த அண்ணேயில் இருந்து வந்தது என்பது என் கணிப்பு.

அவரைத் தடை செய்துவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். என் வகுப்பில் அவள் தெருப் பெண் ஒருத்தி படித்தாள். அவள் என்னிடம், "ஞாயித்துக்கிழமை இப்பல்லாம் நான் பாக்கறதில்ல மேடம். அந்த மொத ரெண்டு நிமிஷம் என்னால முடியல" என்றாள். இதை மலரிடம் அப்படியே சொன்னேன். நீ தாங்குவாய், கேட்கிற பிள்ளைகளும் தாங்க வேண்டும் என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்றும் கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து படிப்பதற்கு முன், "காதைப் பொத்திக்க நெனைக்கிறவங்க பொத்திக்கங்க, முடிஞ்சதும் சொல்றேன்" என்று ஒரு வரி சேர்த்தாள். படிப்பதை மட்டும் விடவில்லை. எனக்கு அது போதவில்லை, இன்றும் போதவில்லை.

எல்லை என்பதே தெரியாதவள் என்று அவளை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் பேசுகிற ஒரு பையன், வேகத்தில் கலியமூர்த்தியின் மகள் படத்தையும் கைப்பேசி எண்ணையும் கருத்துப் பகுதியில் போட்டுவிட்டான். நான் பார்ப்பதற்குள் மலரே நீக்கிவிட்டாள், அவனையும் நிரந்தரமாக வெளியே தள்ளினாள். அவன் நமக்காகத்தானே பேசினான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். "அந்தப் பொண்ணு இங்க பேச வரலையே. வராதவங்களை இழுத்துட்டு வந்து நிறுத்தறதுக்குப் பேரு பேச்சு இல்ல" என்றாள்.

இனி அந்தப் பாதை விஷயம். கீழத்தெருவில் யாராவது இறந்தால் சுடுகாட்டுக்குப் போக வழி கிடையாது. அறுவடை முடிந்திருந்தால் வயல் வழியே நடக்கலாம். சம்பா நிற்கும் மாதங்களில் தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். வாய்க்கால் கரையில் பாதை போடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. கரை புறம்போக்கு என்று கீழத்தெருவும், எங்கள் வயல் என்று கரையோர நிலக்காரர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சாவையும் மலர் நேரலையில் காட்டினாள். கடைசியாகக் காட்டியது அவளுடைய பெரியப்பாவை. ஒருவர் கால் வழுக்கி விழ, பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போதும் அவள் கைப்பேசியைக் கீழே இறக்கவில்லை, பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதற்குக் கலியமூர்த்தி எழுதிய கருத்தில் அவள் சாதியைச் சொல்லித் திட்டும் சொல் இருந்தது. அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. அவள் இருந்தால் எழுதச் சொல்லி என்னோடு சண்டை பிடித்திருப்பாள். ஞாயிறு மாலை வழக்கம்போல, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். மறுநாள் காலை பக்கம் இல்லை. வெறுப்புப் பேச்சு குறித்த விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. எந்தச் சொல்லால் அவள் காலம் முழுக்க அடிபட்டாளோ, அந்தச் சொல்லைச் சொன்ன குற்றத்துக்காக அவளையே வெளியேற்றிவிட்டார்கள். கரையோர நிலக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்தார்களா, இயந்திரமே கேட்டு முடிவு செய்ததா, எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. கலியமூர்த்தியின் கணக்குக்கு ஒரு சேதமும் இல்லை. அவர் அன்றும் செம்பருத்திப் படத்தோடு காலை வணக்கம் போட்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் மேல்முறையீடு எழுதினேன். அவள் திட்டவில்லை ஐயா, தன்னைத் திட்டியதைப் படித்துக் காட்டினாள் என்று எழுதினேன். முடிவில் மாற்றமில்லை என்று ஒரே பதில், ஒரே வாசகத்தில் திரும்பத் திரும்ப வந்தது. ஆத்திரம் தாங்கவில்லை எனக்கு. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டதையும் எழுதுகிறவர்களைத் தூக்கி எறிய ஒரு கத்தரிக்கோல் வேண்டும் என்று நாள்தோறும் ஆசைப்பட்டவள் நான். வந்த கத்தரிக்கோலுக்கு யார் கழுத்து என்று பார்க்கத் தெரியவில்லை.

மலர் அழுது நான் பார்த்தது அந்த வாரம்தான். பக்கம் போனதற்காக அல்ல. கைப்பேசியில் இடம் போதாது என்று, நேரலைகளைத் தளத்தில் மட்டுமே விட்டுவைத்திருந்தாள். "அங்க இருக்குல்ல, எங்க போயிடப் போவுது" என்பாள். பெரியப்பாவின் கடைசிப் பயணம் உட்பட எல்லாம் பக்கத்தோடு போய்விட்டது. பாதை கேட்டுக் கொடுத்த மனுவில், வீடியோ ஆதாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். விசாரணைக்குத் தாசில்தார் வரப் போகிற நேரம் அது. "அவங்க மதகு, அவங்க பூட்டு கதீஜா. நாமதான் ஊர் மதகுன்னு நெனச்சுட்டோம்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு நடந்தது. கரையோர நிலக்காரர்கள் தரப்பில் ஒருவர், "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப யாரு வயலுக்குள்ள எறங்குறா? வண்டியில எடுத்துட்டுப் போயிடறாங்க" என்றார். கீழத்தெருக்காரர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். மனு கொடுத்தவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று அவர் சிரித்தார். தாசில்தார் மலரைப் பார்த்து, "வீடியோ இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, காட்டுங்கம்மா" என்றார்.

மலர் எழுந்து, "என்கிட்ட இப்ப இல்ல சார். ஆனா எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாத்தவங்க இங்க இருக்காங்க" என்றாள். பிறகு எதிர்வரிசையைப் பார்த்து, "கலியமூர்த்தி அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தியதை நான் பார்த்தேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துப் பேசினார். "பாத்தேன். தொடை மட்டும் தண்ணி. ஒரு ஆளு வழுக்கி விழுந்தாரு, பாடை சாஞ்சுது. நான் எழுதுனத அந்தப் பொண்ணு மாத்திப் படிச்சதில்ல. பாத்தத நான் மாத்திச் சொல்ல முடியாது." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "ஆனா என் வயலுல ஒரு அடி விட மாட்டேன். கரை புறம்போக்குன்னா அளந்து எடுத்துக்குங்க."

அளந்தார்கள். புறம்போக்குதான். கல் நட்டு, கிராவல் கொட்டிப் பாதை போட்டார்கள். கலியமூர்த்தி கல்லை ஒட்டி, ஒரு விரற்கடைகூட முன்னே வராமல் முள்வேலி போட்டார். தன் கணக்கில் திட்டுவதை நிறுத்தவும் இல்லை. மனிதர் மாறிவிட்டாரா என்று மலரைக் கேட்டேன். "மாறல. சொல்ல வேண்டியதச் சொன்னாரு, அது போதும்" என்றாள். நான் கெஞ்சியபடி அவரைத் தடை செய்திருந்தால் அன்று சாட்சி சொல்ல ஆள் இருந்திருக்காது. அவள் அந்தச் சொல்லைப் படிக்காமல் இருந்திருந்தால் பக்கமே போயிருக்காது, சாட்சிக்கு அவசியமும் இருந்திருக்காது. இதை வைத்து நாங்கள் போட்ட சண்டை முடியவே இல்லை. பக்கம் திரும்பக் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தவர்களைச் சேர்த்துக் குழு ஒன்று தொடங்கினோம். அவள் அட்டையை நான் அழித்தேனே, அந்தக் குழு.

மலரைப் பிற்பகலில் அந்தக் கரைப் பாதை வழியே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது, வயலில் தண்ணீர் நிறைய. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது அந்த ஊர் வழக்கம். என்னால் நிற்க முடியவில்லை. மதகு வரை போனேன், செந்தில் யாரையும் தடுக்க விடவில்லை. கலியமூர்த்தி தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லை, கை கூப்பவும் இல்லை. பாடை கடந்து போகும்வரை நின்றார், அவ்வளவுதான். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நானாகக் கற்பனை செய்து அவரை நல்லவராக்கவும் விருப்பமில்லை.

குழுவில் வசவு வந்தால் இன்றும் நான் நீக்கத்தான் செய்கிறேன். ஆனால் நீக்குவதற்கு முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிச் சொல் வரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. அவள் வருடக்கணக்காகப் பேசிய பேச்சில் ஒரு நிமிடம்கூட இன்று எந்தத் தளத்திலும் இல்லை. யாரும் நீக்க முடியாததாக என்னிடம் இருப்பது, மதகில் நின்று நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். மலரைத் தூக்கிப் போன நால்வர் கால்களிலும் சேறு இல்லை.